ஞாயிற்றுக்கிழமையும் நாலு

எங்கள் கொன்றைப்பாளையம் மேல்நிலைப் பள்ளியில் 2047-ஆம் வருடம் எல்லோரும் பயந்து மரியாதை கொடுத்த ஒரே ஆசாமி கழிப்பறைக்கு அடியில் குடியிருந்தார். பெயர் மோப்பன்.

அரசாங்கம் அவருக்கு வைத்த முழுப் பெயர் ‘மேல்நிலை மாணவர் போதைப் போக்குக் கண்காணிப்பு ஒற்றை எண் கருவி’. இதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தவர்கள் மாவட்டத்திலேயே இரண்டு பேர். அதில் ஒருவருக்கு இன்னும் மூச்சு திரும்பவில்லை. பார்க்க டிபன் காரியர் அளவுக்கு ஒரு எஃகு டப்பா, அவ்வளவுதான். கழிவுநீர்க் குழாய் பள்ளியை விட்டு வெளியேறுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அறுநூற்று நாற்பது பிள்ளைகள் அனுப்பி வைப்பதையெல்லாம் முகர்ந்து பார்க்கும். மாலை நாலு மணிக்கு ஒரே ஒரு எண்ணைச் சொல்லும். பூஜ்யம் என்றால் வாசல் பலகையில் பச்சைக் கொடி. இருபது வரை மஞ்சள். அதைத் தாண்டினால் சிவப்பு. எந்த நிறமானாலும் அதே நொடியில் பெற்றோர் அத்தனை பேருடைய போனிலும் ‘டிங்’ என்று விழும்.

அந்த ஒரு டிங்குக்காக ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பச்சைக் கொடிப் பள்ளியில் படித்த பெண்தான் வேண்டும் என்று கல்யாணத் தரகர்கள் கேட்டார்கள். நாலு மணிக்கு எங்கள் பள்ளி வாசலைக் கடக்கிற பஸ், பலகையைப் பார்த்துவிட்டுத்தான் கியர் மாற்றும். பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஒரு தடவை மஞ்சள் விழுந்தபோது அங்கே உட்கார்ந்திருந்த காக்கைகள் எழுந்து எங்கள் ஊருக்கு வந்துவிட்டன. நானே எண்ணினேன், பதினேழு.

நான் குடிநீர் வாரியத்துச் சோதனைக்கூடத்தில் முப்பத்து நாலு வருடம் தண்ணீரை முகர்ந்து ஓய்வு பெற்றவன். என் மூக்கின் தகுதியைப் பார்த்து மோப்பனுக்குக் காவலராக ஒப்பந்தத்தில் போட்டார்கள். வேலை மூன்றே மூன்று. கருவியைத் துடைக்க வேண்டும், எண்ணைக் குறிக்க வேண்டும், யாருக்கும் எந்த விளக்கமும் சொல்லாமல் இருக்க வேண்டும். மூன்றாவதற்குத்தான் எனக்குச் சம்பளத்தை இரட்டிப்பாகக் கொடுத்திருக்க வேண்டும். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் மோப்பத் தாத்தா.

அந்த வருடம் ஜூன் மாதம் எங்கள் எண் முப்பத்தொன்று. பன்னிரண்டாம் வகுப்பு அகரனின் பையிலிருந்து இருநூறு ‘சிட்டு’ அடைத்த டப்பா ஒன்று கிடைத்தது. சிட்டு என்பது ராகி மணி அளவுக்கு ஒரு ஒட்டுப் பொட்டு. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால், உலகத்தின் சத்தத்தை யாரோ திருகிக் குறைத்தது போல இருக்குமாம். எனக்கு அந்த வசதி வயதிலேயே வந்துவிட்டதால் தேவைப்படவில்லை. அகரனைச் சிவப்புப் பட்டியலில் போட்டார்கள். அதில் பெயர் ஏறினால் ஆறு வருடத்துக்கு எந்தக் கல்லூரியும் கதவைத் திறக்காது. பையன் போனான், எண் பூஜ்யத்துக்கு இறங்கியது. ஊரில் பட்டாசு வெடித்தார்கள்.

இரண்டு வாரம் பச்சைக் கொடி பறந்தது. மூன்றாவது வாரம் திங்கட்கிழமை, டிங். நாலு.

செவ்வாய்க்கிழமை நாலு. புதன்கிழமை நாலு. ஆடி போய் ஆவணி வந்தது, நாலு போகவில்லை.

தலைமையாசிரியர் கௌரிசங்கர் தினமும் நாலு மணிக்கு, மோப்பனுக்குப் பக்கத்தில் எனக்குப் போட்டிருந்த கொட்டகைக்கு வருவார். இரண்டு கண்ணாடி டம்ளரில் டீ வரும். ஐம்பத்தாறு வயது, நல்ல மனுசன், கணக்கு வாத்தியார். மகள் பிரசவத்துக்காக மனைவி மெல்போர்ன் போய்விட்டதால் பள்ளி வளாகத்துக்குள்ளேயே இருக்கிற குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார்.

“அண்ணா, இன்னைக்காச்சும் பூஜ்யம் வருமுங்ளா?”

“வருமுங்க ஹெச்.எம். மெசினுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குமில்ல.”

டிங். நாலு. டம்ளரை அப்படியே கீழே வைத்துவிடுவார். பாதி டீ அதில் இருக்கும்.

“எந்தக் கெரகமோ தெரியலீங்ணா. மாவட்டத்துல அத்தனை பள்ளிக்கூடமும் பச்சை. நாம மட்டும் மஞ்சக்காமாலை வந்தாப்புல நிக்கறோம்.”

அந்த நாலைத் துரத்த அவர் செய்யாதது எதுவுமில்லை. மதிய உணவுக் குருமாவில் கசகசா போடுவதை நிறுத்தினார். நாலு. சாதிக்காய், இருமல் மருந்து, தலைவலித் தைலம் மூன்றையும் வளாகத்துக்குள் தடை செய்தார். நாலு. ஊர்த் தாய்மார்கள் பிள்ளைகளுக்கு வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்ததில் எட்டு மைல் சுற்றளவுக்கு வேப்பமரங்கள் மொட்டையாகி, பறவைகள் வெயிலில் குடை கேட்டன. அப்போதும் நாலு.

கடைசியில் வேண்டுதல் வைத்து, புதன்கிழமை காவடியைத் தூக்கிக்கொண்டு பழனிக்கு நடந்தார். சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, வியாழனும் வெள்ளியும் எண் பூஜ்யம்! முருகன் மனமிரங்கிவிட்டார் என்று ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சனிக்கிழமை கால் வீங்கித் திரும்பி வந்தார். திங்கட்கிழமை நாலு. ‘படியேறும்போது யாரோ செருப்போடு ஏறியிருக்கிறார்கள்’ என்று கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் காரணம் கண்டுபிடித்தார். பழனிக்கு இன்னும் பதினோரு பேர் கிளம்பினார்கள்.

சிரிப்பு அத்தோடு நின்றிருந்தால் தேவலை. நாலுக்கு ஒரு ஆள் வேண்டுமே. கண் சிவந்திருக்கிறது என்று நிதர்சன் என்ற பையனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவனுக்கு மெட்ராஸ் ஐ. தனியாக உட்கார்ந்து சிரிக்கிறாள் என்று மகிழ்விழி என்ற பெண்ணை அனுப்பினார்கள். அவள் காதில் ஏதோ நகைச்சுவை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் ‘சந்தேகப் பட்டியல்’ என்று ஒரு வருடம் வீணானது. அவர்கள் போன பிறகும் எண் நாலுதான். தப்பான ஆள் என்று யாரும் சொல்லவில்லை, இன்னொரு ஆள் இருக்கிறான் என்றுதான் சொன்னார்கள்.

மாவட்டப் போதைப் போக்கு அலுவலர் ஹர்ஷவர்த்தினி மேடம் மாதம் ஒருமுறை வந்து பிள்ளைகளுக்குத் திரை போட்டு விளக்குவார். இந்த மாதம் மேல்நிலை மாணவரிடையே எந்தப் போதை ஏறுகிறது, எது இறங்குகிறது, எதற்கு என்ன செல்லப் பெயர் என்றெல்லாம் வண்ண வண்ணக் கோடுகள். பங்குச் சந்தை தோற்றது. “மேடம், நீங்க சொல்ற பேருல பாதி உங்ககிட்டத்தானுங்க மொதல்ல கேக்கறோம்,” என்று முதல் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து சொன்னாள். அவள்தான் இளவெயினி.

பதினொன்றாம் வகுப்பு ‘பி’ பிரிவின் லீடர். வகுப்பில் யார் எத்தனை தடவை தும்மினார்கள் என்றுகூடக் கணக்கு வைத்திருக்கிற ரகம். முதல் மாணவி. இரண்டாவது வருகிறவனுக்கும் இவளுக்கும் நடுவில் ஒரு மாநில நெடுஞ்சாலை போடலாம். தேர்வு நாட்களில் தலைமையாசிரியர் அறைக்குப் போய் விடைத்தாள் கட்டை எடுத்து வருகிற பொறுப்பை ஆசிரியர்களை நம்பிக் கொடுக்காமல் இவளிடம் கொடுத்திருந்தார்கள்.

அரையாண்டுத் தேர்வு வந்தது. கணக்குத் தேர்வு நாள் காலை எட்டு ஐம்பதுக்கு மோப்பன் துள்ளிக் குதித்தார். அறுபத்திரண்டு! சிவப்பு விழுந்தால் நாலு மணிவரைக்கும் காத்திருக்க மாட்டார், உடனே ஊளையிடுவார். தேர்வு தள்ளி வைக்கப்பட்டது. பெற்றோர் பாதிக் குளியலில் ஓடிவந்தார்கள். ஒருவர் தலையில் சீயக்காயோடு வந்து, போகும்வரை அதைக் கழுவவில்லை. இயற்பியல் தேர்வு அன்று ஐம்பத்தெட்டு. வேதியியல் அன்று அறுபது. மூன்றும் தேர்வு நாள், மூன்றும் எட்டு ஐம்பது.

நான் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு விக்கல் வரும்வரை சிரித்தேன். காரணம் இருந்தது. மோப்பன் வெளியே சொல்வது ஒரு எண்தான் என்றாலும் உள்ளுக்குள் இரண்டு எண்களைக் குறித்து வைத்திருப்பார். மனித உடம்புக்குள் போய் வந்த மருந்து ஒரு கணக்கு, போகாத மருந்து இன்னொரு கணக்கு. இரண்டும் வேறு வேறு வாசனை. மக்களுக்குக் குழப்பமாக இருக்கும் என்று ஏதோ கமிட்டி அவற்றைக் கூட்டி ஒரே எண்ணாக வெளியிடச் சொல்லிவிட்டது. அந்த அறுபது முழுக்க முழுக்க எந்த உடம்புக்குள்ளும் போகாத சரக்கு. யாரோ சிட்டுகளை அப்படியே கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். எதற்கு? வேறெதற்கு! பரீட்சை தள்ளிப்போக! ஒரு தேர்வை நிறுத்த என் காலத்தில் நாங்கள் பள்ளி மணியைத் திருடிக் கிணற்றில் போட்டோம். இவர்கள் அரசாங்க இயந்திரத்தையே ஏமாற்றிவிட்டார்கள். மூன்றும் பதினொன்று ‘பி’-யின் தேர்வு என்பதால் அந்த வகுப்பை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. விளக்கம் சொல்லக் கூடாது என்பதும் வசதியாகப் போயிற்று. வாயை மூடிக்கொண்டு ரசித்தேன்.

அதுதான் நான் செய்த தப்பு.

நாலாவது தேர்வு அன்று தலைமையாசிரியர் கழிப்பறை வாசல்களில் ஆசிரியர்களை நிறுத்தினார். எண் குதிக்கவில்லை. உடனே பைகளைச் சோதித்தார்கள். இளவெயினியின் ஜாமெட்ரி பாக்ஸில், காம்பஸுக்கும் பாகைமானிக்கும் நடுவில் பத்துச் சிட்டுகள் இருந்தன.

திங்கட்கிழமை விசாரணை, அன்றே சிவப்புப் பட்டியல் என்று சொல்லிவிட்டார்கள். நூற்பாலையில் வேலை செய்யும் அவள் அம்மா வந்து கூட்டிப் போகும்வரை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து கண்ணடித்தேன்.

“பயப்படாதே அம்மிணி. நீ அதைத் தொடலைன்னு எனக்குத் தெரியும். லீவுக்காகக் கொட்டினதுதானே? நாங்கெல்லாம் மணியையே தூக்கினவிய.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் டீ இருந்திருந்தால் ஆறியிருக்கும்.

“லீவுக்காங்க தாத்தா? கணக்குப் பரிச்சைக்கு நான் மூணு மாசம் படிச்சிருக்கறனுங்க. தள்ளிப் போனதுல யாருக்கு நட்டம்? எனக்குத்தான். ரண்டாவது வர்றானே அவனுக்கு இன்னும் பத்து நாள் சேத்திக் கெடச்சுது.”

“அப்புறம் எதுக்கு?”

அவள் பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

“யாருகிட்ட வாங்கினே?”

“வாங்கலீங்க.”

“வாங்காமெ எப்படி வரும்? வானத்துல இருந்து உழுந்துச்சா?”

அவள் தலைமையாசிரியர் அறைக் கதவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தன் செருப்பைப் பார்த்தாள். “போங்க தாத்தா. உங்களுக்கு எல்லாமே தமாசு.”

அறுபத்தேழு வயதில் ஒரு பதினாறு வயசுப் பெண்ணிடம் திட்டு வாங்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தேன். காமெடி என்று நினைத்தது காமெடி இல்லை என்றால் பிறகு என்ன? அவளைக் காப்பாற்ற, அந்த அறுபது உடம்புக்குள் போகாத சரக்கு என்பதற்கு ஆதாரம் வேண்டும். மோப்பனின் உள் கணக்கை ஜூன் மாதத்திலிருந்து நாள் நாளாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். ஆறு மாதமாக நான் திறக்காத ஒரு பகுதி அதில் இருந்தது. விடுமுறை நாட்கள். அன்றைக்கு எண் வெளியாகாது, எனக்கும் வேலை கிடையாது. ஆனால் மோப்பன் ஓய்வு பெற்றவர் இல்லையே, பாவம், ஞாயிற்றுக்கிழமையும் முகர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை, நாலு.

அடுத்த ஞாயிறு, நாலு. சரஸ்வதி பூஜை விடுமுறை, நாலு. தீபாவளிக்குப் பள்ளி பூட்டியிருந்த ஐந்து நாளும் நாலு. உடம்புக்குள் போய் வந்த நாலு.

அறுநூற்று நாற்பது பிள்ளைகளில் ஒன்றுகூட வளாகத்தில் இல்லாத நாட்கள். ஒரே ஒரு குழாய் மட்டும் அன்றைக்கும் அந்த வழியில் சேர்கிறது. கட்டடம் கட்டும்போதே சேர்த்தது. வாரியத்தில் அந்த வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவனே நான்தான். ஆவணியில் காவடி போன அந்த வியாழனையும் வெள்ளியையும் தேடிப் பார்த்தேன். பூஜ்யம், பூஜ்யம். முருகன் இரங்கவில்லை. ஆள் ஊரில் இல்லை, அவ்வளவுதான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பாதி டீயெல்லாம் ஞாபகம் வந்தது. ஆறு மாதமாக எதிரே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்ததைவிட வாசல் பலகையைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணி. தலைமையாசிரியர் அறையில் அவர், ஹர்ஷவர்த்தினி மேடம், எதிரே இளவெயினி, அவள் அம்மா மோனிஷா. சேலைக்கு மேல் போட்டிருந்த மோனிஷாவின் மில் சட்டைக் கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஷிப்டிலிருந்து நேராக வந்திருக்கிறாள்.

“எங்கிருந்து கிடைச்சதுன்னு சொல்லும்மா,” என்றார் மேடம்.

இளவெயினி அம்மாவின் கையில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

“சொல்லித் தொலை சாமி,” என்றாள் அம்மா. “நான் வையமாட்டேன். எவன் குடுத்தான்?”

“யாரும் குடுக்கலீம்மா.”

“பாருங்க மேடம், வீட்டுலயும் இதையேதான் சொல்றா. ரண்டு நாளா சோறு எறங்கலீங்க எனக்கு. இவ படிச்சு ஒரு எடத்துக்கு வந்துட்டா நான் அந்தப் பஞ்சுல இருந்து எந்திரிச்சுருவேன்னு இருந்தனுங்க.”

மேடம் படிவத்தை எடுத்தார். பெயர் எழுதினார். நான் கதவோரமாக நின்றிருந்தேன்.

“மேடம், ஒரு நிமிசமுங்க.”

“உங்களுக்கு விளக்கம் சொல்ல அனுமதி இல்லையே சார்.”

“விளக்கம் இல்லீங்க. காப்பியைப் பத்திச் சொல்றேன். புதுக் காப்பித்தூளை ஒருத்தர் சாக்கடையில கொட்டறாரு. இன்னொருத்தர் டிகாக்சன் எறக்கிக் குடிச்சுட்டுச் சக்கையைக் கொட்டறாரு. மோந்து பாத்தா எனக்குத் தெரியும், எது தூளு, எது சக்கைன்னு. மெசினுக்கும் தெரியும். நாமதான் ரண்டையும் கூட்டி ஒரே எண்ணாப் போடறோம். பரிச்சை அன்னைக்கு வந்த அறுவதும் தூளுங்க. எந்த ஒடம்புக்குள்ளயும் போகலை. இந்தப் புள்ள அதைத் தூக்கித்தான் போட்டிருக்குது.”

முதல் தாளை நீட்டினேன். மேடம் வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கெட்டிக்காரப் பெண், விறுவிறுவென்று புரிந்துகொண்டார்.

“அப்ப இவ பயன்படுத்தலை?”

“இந்தப் பள்ளிக்கூடத்துல அகரனுக்கு அப்புறம் ஒரு புள்ளையும் பயன்படுத்தலீங்க.”

“அப்போ அந்த நாலு?”

என் கையில் இரண்டாவது தாள் இருந்தது. அதை மேடத்திடம் கொடுக்கவில்லை. மடித்தபடியே தலைமையாசிரியர் முன்னால் வைத்தேன். “இதை ஹெச்.எம். பாக்கோணுமுங்க,” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் பிரித்தார். கணக்கு வாத்தியார், எண்களைப் படிக்க அவருக்கு நேரமாகாது. ஆனால் ரொம்ப நேரம் படித்தார்.

“ஞாயித்துக்கெழமையுமுங்ளா அண்ணா?”

“ஆமாங்க.”

“எங்க வீட்டுக் குழாய் தனியாப் போகுதுன்னு நெனச்சேன்.”

“இல்லீங்க. இதுலதான் சேருது.”

தாளை மடித்து வைத்தார். அதை அவர் தன் பையில் போட்டுக்கொண்டிருக்கலாம். இன்னொரு தாள் இருப்பது மேடத்துக்குத் தெரிந்தாலும் அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. சரக்கு வைத்திருந்த குற்றத்துக்காகப் படிவத்தில் எழுதிய பெயர் அப்படியே இருந்திருக்கும். நான் எதிர்த்து வாய் திறந்திருப்பேனா என்று என்னைக் கேட்காதீர்கள்.

“அந்த நாலு நானுங்க மேடம்,” என்றார்.

மேடம் பேனாவை மேசைமேல் வைத்தார்.

“அகரன்கிட்டப் பறிமுதல் பண்ணின டப்பாவை இந்த டிராயர்ல வெச்சுப் பூட்டினேன். வந்து எடுத்துட்டுப் போங்கன்னு மூணு லெட்டர் போட்டேன், ஆளு வரலை. முப்பத்தொண்ணு உழுந்த நாள்ல இருந்து எனக்குத் தூக்கம் இல்லீங்க. படுத்தா டிங், டிங்னு கேக்கும். ஒரு நாளைக்கு மட்டும்னு ஒட்டினேன். அன்னைக்கு நல்லாத் தூங்கினேனுங்க.”

“அந்த எண் உங்களாலதான்னு தெரிஞ்சிருந்ததா சார்?”

“தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டேனுங்க.”

அவர் இளவெயினியிடம் திரும்பினார். “நீ எங்கே எடுத்தே கண்ணு?”

அவள் மேடத்தைப் பார்த்தாள்.

“சொல்லு. நானே சொல்லியாச்சு, இனி என்ன?”

“உங்க டிராயர்லீங்க சார்,” என்றாள். “விடைத்தாள் கட்டு எடுக்க வர்றப்ப. நீங்க பிரேயர்ல இருப்பீங்க, சாவி அதுலயே தொங்கும். ஒருநாள் நீங்க போர்டுல எழுதறப்ப காதுக்குப் பின்னாடி பாத்தனுங்க. ஒரே கணக்கை மூணு தடவை போட்டீங்க அன்னைக்கு. யாரும் சிரிக்கலை. எனக்கு வெசனமாப் போச்சு.”

“யாருகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?” என்றார் மேடம்.

“சொன்னா சாரைப் பட்டியல்ல போட்டுருவீங்களே. நிதர்சனைப் போட்டீங்க. மகிழைப் போட்டீங்க.” குரல் உடைந்தது, உடனே இழுத்துப் பிடித்துக்கொண்டாள். “தீந்து போனா விட்டுருவாருன்னு நெனச்சேன். ஒரு தடவைக்குப் பத்து. மொத்தமா எடுத்தாத் தெரிஞ்சுருமில்லீங்க. இன்னும் இருவத்தாறு இருக்குது. வருசப் பரிச்சைக்குள்ள முடிச்சிருப்பேன்.”

தலைமையாசிரியர் டிராயரைத் திறந்து டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, இளவெயினியின் பெயரை அடித்தார். கோணலாக இல்லாமல், ஸ்கேல் வைத்து அடித்தார்.

“மொதல்ல அந்த ரண்டு புள்ளைக பேரை எடுங்க மேடம். நிதர்சன், மகிழ்விழி. இன்னைக்கே எடுத்தாகோணும். அப்புறம் என்னை எழுதுங்க.” பேனாவைப் பிடித்தபடி படிவத்தைப் பார்த்தார். “இதுல ‘வகுப்பு’ன்னு கேட்டிருக்குது. நான் என்னன்னு போடறதுங்க?”

மேடம் சிரிக்கவும் முடியாமல் முறைக்கவும் முடியாமல் படிவத்தைத் திருப்பினார். பின்பக்கமும் அச்சாகியிருந்தது. அதுவரை நான் பார்த்ததே இல்லை.

“தானா ஒத்துக்கிட்டவங்களுக்குப் பட்டியல் கிடையாது சார். தொண்ணூறு நாள் சிகிச்சை. தினமும் கவனிச்சுக்க ஒரு காப்பாளர் கையெழுத்துப் போட்டா போதும். வேலைக்குத் திரும்பலாமான்னு அதுக்கு அப்புறம் மேலே முடிவு பண்ணுவாங்க.”

தலைமையாசிரியர் அந்தப் பக்கத்தை முழுக்கப் படித்தார்.

“இந்தப் பக்கத்தை அகரனுக்குக் காட்டினோமுங்ளா மேடம்?”

மேடம் தன் குறிப்பேட்டைத் திறந்து, “அவன் வீட்டு முகவரி இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்குதுங்க. நான் கூட வர்றேன்.”

காப்பாளர் கட்டம் காலியாக இருந்தது. மனைவி மெல்போர்னில். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் ஒரு அடி வைத்தேன். நண்பன், தினமும் பார்க்கிறவன், என்னைவிட்டால் யார்? ஆனால் படிவத்தின் கீழே, கருவியை இயக்குவோர் கையெழுத்திடக் கூடாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அந்தக் கமிட்டி எதையும் விட்டுவைப்பதில்லை.

மோனிஷா டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். திட்டினால் தப்பும் இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு மேசை மேலிருந்த பேனாவை எடுத்தாள்.

“எம்புள்ளைக்குக் கையெழுத்துப் போடோணும்னு சொல்லித்தானுங்க ஷிப்டை உட்டுட்டு வரச் சொன்னீங்க? வந்தது வந்துட்டேன். எங்க போடோணும்?”

“யோசிச்சுச் செய்யுங்கம்மா,” என்றார் மேடம். “தினமும் வந்து பார்க்கணும். தொண்ணூறு நாள்.”

“மில்லுக்குப் போற வழிதானுங்க. காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா வந்து பொடனியைத் திருப்பிப் பாத்துட்டுப் போறேன். காதுக்குப் பின்னால ஒட்டியிருந்தா எனக்குத் தெரியாதா? சோறும் சேத்திக் கட்டிட்டு வந்தர்றேன். பாத்தாலே தெரியுது, சாப்பிடறதில்லை.”

படிவத்தில் உறவுமுறைக்கு இரண்டே சொற்கள்தான் அச்சடித்திருந்தார்கள். தாய், தந்தை. பொருந்தாததை அடிக்கவும். முப்பத்தெட்டு வயது மோனிஷா ஒரு கணம் யோசித்தாள். தந்தையை அடித்தாள்.

அவள் எழுத்துக் கூட்டிப் பெயர் எழுதி முடிக்கும்வரை, ஐம்பத்தாறு வயதுத் தலைமையாசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“உக்காருங்க சார்,” என்றாள்.

“இருக்கட்டுங்கம்மா,” என்றார் அவர்.